வராதவனுக்கு ஆஜர்

முதல் ஜெர்மன் யுத்தம் முடியச் சில வாரங்கள் இருந்த வருஷம் அது. மழை பொய்த்துவிட்டது. ராகிக் கடை திறப்பதற்கு முன்பே ஜனங்கள் பையோடு வந்து நின்றார்கள். கன்னம்பாடியில் அணை பாதி உயரம் எழும்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மைசூர்க்காரர்கள் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு அதை வேடிக்கை பார்க்கப் போனார்கள். தசரா முடிந்து, யானைகளின் முகத்தில் எழுதிய வர்ணம் முழுசாகப் போவதற்குள் ரயிலில் வந்து இறங்கிவிட்டது இன்புளுயன்சா. நீ பிறந்து அப்போது இருபது நாள். அந்த வருஷம் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மா கண்ணை மூடும்வரை அவளிடமும் சொல்லவில்லை. இருபத்துநாலு வருஷம் கழித்து உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் நீதான். எரிச்சலோடுதான் சொல்கிறேன். எரிச்சலோடே படி.

நான் சொல்லச் சொல்ல உன் அக்கா சரசு எழுதுகிறாள். என் பேச்சு இன்னும் எங்கள் ஊர் ராமாபுரத்துப் பேச்சுதான். அதை அப்படியே எழுதினால் உனக்குக் கேவலமாக இருக்கும் என்று அவள் சீர்செய்து எழுதுகிறாள். செய்துகொள்ளட்டும். கோபத்தை மட்டும் குறைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ சாப்பிட்டுக் கை கழுவப் போனாய். மேஜைமேல் உன் ஆஜர் புத்தகம் திறந்து கிடந்தது. எனக்கு எழுத்து தெரியாது; ஆஜர் புத்தகம் தெரியும். தெருவில் மின்சார விளக்கு வந்து, ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்தபடி நடந்து ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்ட வருஷத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற ஜவானாகச் சேர்ந்தவன் நான். இருபத்தைந்து வருஷம் அந்தப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீசுக்கும் வகுப்புக்கும் நடந்திருக்கிறேன். வந்தவனுக்குச் சாய்கோடு, வராதவனுக்குச் சுழி, ஞாயிற்றுக்கிழமைக்கு மேலிருந்து கீழே ஒரே சிவப்புக் கோடு. சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் கட்டங்கள் இருக்க வேண்டும். உன் புத்தகத்தில் அந்தப் பக்கம் நாற்பத்திரண்டு சாய்கோடுகள் வரிசையாக நின்றன. விரலால் தடவிப் பார்த்தேன், மை காய்ந்திருந்தது.

"என்ன சாமி இது? நாளைக்கு வர்ற பசங்க இன்னைக்கே வந்துட்டானுங்களா?" என்றேன்.

"நீங்கதானுங்கப்பா சொன்னீங்க, பேர் கூப்புடறதுல நேரம் போகுதுன்னு. இனிமேப் போகாது. வராதவன் யாருன்னு அப்புறம் பார்த்துத் திருத்திக்குவேன்."

"அப்புறம்னா எப்ப?"

"நேரம் கெடைக்கறப்ப."

நான் குரலை உயர்த்தினேன், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு நீ சொன்னது: "நீங்க மணியடிச்சவருங்கப்பா. கிளாசுக்குள்ள நடக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" அதைக் கத்திக்கூடச் சொல்லவில்லை, பொறுமையாகச் சொன்னாய், விவரம் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல. அடுப்படி வாசலில் உன் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலமே அவளைக் கூட்டிக்கொண்டு லஷ்கர் மொஹல்லாவில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டாய். இன்ஸ்பெக்டர் வந்து போகும்வரை அங்கேதான் இருப்பேன், இங்கே அமைதி இல்லை என்று சரசுவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய்.

வருகிற திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். உன் ஆக்டிங் வேலை நிலைக்குமா, மறுபடி பிரைமரிப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிடுவார்களா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். ஹெட்மாஸ்டர் என்னை மார்க்கெட்டில் பார்த்தபோது சொன்னார்: "உன் பையனுக்குப் பாடம் தெரியும்ப்பா. ஆனா அவன் கிளாஸ் பத்தரைக்கு மணியடிச்சாப் பத்தே முக்காலுக்குத்தான் ஆரம்பிக்குது." அதை நான் உன்னிடம் வந்து சொன்னேன். உன் நல்லதுக்குச் சொன்னேன். நீ அதிலிருந்து எடுத்துக்கொண்டது, முதல்நாளே எல்லாருக்கும் ஆஜர் போட்டுவிட்டால் கால்மணி மிச்சமாகும் என்பது. ஒரு மனுஷனுக்கு இதைவிட என்ன எரிச்சல் வேண்டும்?

வகுப்புக்குள் நடப்பது எனக்குத் தெரியாது என்றாயே, உன் வகுப்பு ஆரம்பிப்பதைச் சொல்கிறேன், கேள். போன மாதம் நீ மறந்துவிட்டுப் போன டிபன் டப்பாவைக் கொண்டு வந்து வராந்தாவில் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மணி அடித்தது. பையன்கள் உள்ளே போனார்கள். நீ ஆபீஸ் அறையில் யாரோடோ பேசிச் சிரித்துவிட்டு வந்தாய். நேராக நாற்காலியில் உட்கார்ந்தாய், புத்தகத்தைத் திறந்தாய், தலையைக் குனிந்துகொண்டாய். அந்தத் தலை அதற்கப்புறம் நிமிரவே இல்லை. பேர் கூப்பிடுகிறாய், "ஹாஜர் சார்" என்கிறார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு சிவத்த பையன் மூன்று பேருக்கு மூன்று குரலில் ஹாஜர் சொன்னான். வராந்தாவில் நின்ற எனக்குத் தெரிந்தது, மேஜையில் இருந்த உனக்குத் தெரியவில்லை. கடைசிப் பெஞ்சில் ஒருவன் இன்னொருவன் குடுமியை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தான். பேரெல்லாம் கூப்பிட்டு முடித்ததும் நேற்றைய வீட்டுக் கணக்கு எங்கே என்று கேட்டு நாலு பேரை எழுப்பி நிற்க வைத்தாய். அப்புறம் சாக்பீஸ் இல்லை. சாக்பீசுக்கு ஆள் அனுப்பினாய். அவன் வரும்வரை மேஜையைத் தட்டி "சத்தம், சத்தம்" என்று நீதான் எல்லாரையும்விடச் சத்தம் போட்டாய். பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பையன்கள் அவர்கள். கன்றுக்குட்டி வயசு தாண்டி, மாடாகாத வயசு. அவர்களைக் கால்மணி சும்மா உட்கார வைத்தால் அவர்களுக்கு அவர்களே வேலை கண்டுபிடித்துக்கொள்வார்கள். எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். மணியடிக்கிறவனுக்கு அது ஒன்றுதானே படிப்பு. பதினாலு நிமிஷம்.

அதே அறையில் சேஷய்யா மேஷ்டர் வகுப்பு எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு வாத்தியார். நீ அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால் உனக்குத் தெரியாது. கன்னடம்தான் பேசுவார், நான் தமிழாக்கிச் சொல்கிறேன். அவர் வகுப்பு மறுநாள் காலை ஆரம்பிப்பதில்லை, முதல்நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிடும். எல்லாரும் போனபின் கரும்பலகையில் இரண்டு கணக்கு எழுதி, அதன்மேல் பழைய வேட்டித் துண்டு ஒன்றை மாட்டிவிட்டுப் போவார். காலையில் முதல் மணி அடித்ததும் அந்தத் துணியை எடுப்பது என் வேலை. கணக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் துணியை எடுத்தால் வகுப்பு ஆரம்பித்துவிட்டது என்பது பையன்களுக்குத் தெரியும். மேஷ்டர் நாற்காலிப் பக்கமே போகமாட்டார். கதவு நிலையில் சாய்ந்து நிற்பார். ஒவ்வொரு பையனும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். "ஏண்டா, கண்ணு சிவந்திருக்கு?" "செருப்பு எங்கே, அறுந்து போச்சா?" "அப்பா ஊரிலிருந்து வந்துட்டாரா?" இவ்வளவுதான் பேச்சு. ஒருத்தனுக்கு ஒரு மூச்சு நேரம்.

கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பலகை. அதில் நாற்பது ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு மரச்சில்லு, ஒரு பக்கம் பேர், மறுபக்கம் கறுப்பு மை. சாயங்காலம் போகும்போது பையன் தன் சில்லைக் கறுப்புப் பக்கம் திருப்பிவிட்டுப் போவான். காலையில் வரும்போது பேர்ப் பக்கம் திருப்பிவிட்டு உள்ளே போய்க் கணக்கைப் போடத் தொடங்குவான். இரண்டாவது மணி அடிக்கும்போது மேஷ்டர் பலகையை ஒரு பார்வை பார்ப்பார். கறுப்பாக நிற்பவன் வரவில்லை. யாரும் யார் பேரையும் கூப்பிடவில்லை, யாரும் ஹாஜர் சொல்லவில்லை, வகுப்பில் பென்சில் சத்தம் மட்டும் கேட்கும். எழுத்து தெரியாத எனக்கும் அந்தப் பலகையைப் படிக்கத் தெரியும். வாழ்க்கையில் நான் படித்தது அது ஒன்றுதான்.

அத்தோடு முடியாது. வராதவன் வீடு எங்கே என்று எனக்குச் சொல்வார். நான் போய் விசாரித்துவிட்டு இன்டர்வல் மணிக்குள் திரும்ப வேண்டும். மற்ற வாத்தியார்கள் அவரைக் கேலி செய்தார்கள், "சேஷய்யா பள்ளிக்கூடம் நடத்தறாரா, ஜனத்தொகை எடுக்கறாரா?" என்று. அவர் கோபித்துக்கொண்டதில்லை. "பாதிப் பசங்க வெளியூர்க்காரங்க. நாம கேட்கலைன்னா யார் கேட்கறது?" என்பார். நடப்பவன் நான். வெயிலில் அக்ரஹாரத்துக்கும் நஜர்பாதுக்கும் இட்டிகேகூடுக்கும் நடந்தவன் நான். உனக்கு இப்போது என்மேல் இருக்கும் எரிச்சல் எனக்கு அவர்மேல் இருந்தது என்று வைத்துக்கொள்.

இன்புளுயன்சா வந்த திங்கட்கிழமை, தசரா லீவு முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், பலகையில் பதினோரு கறுப்பு. பதினோரு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்த ஆள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வீட்டில் மூன்றுபேர் ஒரே பாயில் கிடந்தார்கள். இரண்டு வீட்டின் முன்னால் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் மருத்துவச்சி வாசலிலேயே மறித்தாள். "ஏம்ப்பா, எந்தெந்த வூட்டுக் காத்தையெல்லாமோ இழுத்துக்கிட்டு வந்து பச்சப் புள்ள கெடக்கற வூட்டுக்குள்ள நுழையறயா? போய் முழுகீட்டு வா." கிணற்றடியில் ஈர வேட்டியோடு நின்றபடி நீ அழுவதைக் கேட்டேன். சரசுவுக்கும் உனக்கும் நடுவில் மூன்று பிள்ளைகளைப் பிளேக்குக்குக் கொடுத்திருந்தோம். நாலாவதாகவும் ஒன்றைக் கொடுக்க என்னால் ஆகாது. இதை உன்னைச் சாக்காக வைத்துத் தப்பிக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நடந்தது அதுதான், அதனால் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சேஷய்யா மேஷ்டரே படுத்துவிட்டார். படுக்கையிலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினார்: பலகையை விட்டுவிடாதே, விசாரிப்பதை விட்டுவிடாதே, இப்போதுதான் அது வேண்டும் என்று. அவர் இடத்துக்கு ஒரு ஆக்டிங் வாத்தியார் வந்தார், உன் வயசுதான் இருக்கும், உன்னைப் போலவே கோட்டுப் பையில் பேனா. நல்ல பையன். ஒரு முகமும் தெரியாது. கதவருகே நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம், ஜவான் சொல்லி வாத்தியார் கேட்பாரா என்று விட்டுவிட்டேன். பலகையைப் பார்த்தார், இது நல்ல ஏற்பாடு, வேலை மிச்சம் என்றார். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்குப் பதினாலு கறுப்பு. இரண்டாவது மணி அடித்துவிட்டு வந்தேன். ஆக்டிங் வாத்தியார் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பையன்கள் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பலகை முன்னால் நின்றேன். பேர் படிக்கத் தெரியாது, எந்த ஆணி யாருடையது என்பது தெரியும். இவன் அப்பன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், அவர் பார்த்துக்கொள்வார். சில்லைத் திருப்பினேன். இவன் வீட்டில் பத்துப் பேர், ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் பார்ப்பார். திருப்பினேன். இவன் வீடு ரொம்பத் தூரம். திருப்பினேன். கடைசி வரிசை மூலை ஆணி ஒரு வாரச் சாப்பாட்டுப் பையனுடையது. உனக்கு அந்த வழக்கம் தெரியும். வெளியூர் ஏழைப் பையன் ஒருவனுக்கு ஊரில் ஏழு வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு கிழமை சோறு போடுவார்கள். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு. அவனுக்கு என்ன, ஏழு வீடு இருக்கிறது, ஏழு வீட்டுக்காரர்களும் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவன் சில்லைத் திருப்பும்போது மற்றவர்களுக்கு யோசித்த அளவுகூட யோசிக்கவில்லை. ஐந்து கறுப்பு மிச்சம் வைத்தேன், பக்கத்துத் தெருக்கள். ஐந்து வீட்டுக்கும் போய்த் திண்ணைக்குக் கீழே நின்றே விசாரித்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அந்தச் சில்லுகளை நானே கறுப்புப் பக்கம் திருப்பி வைத்தேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அப்படியே. பேர்ப் பக்கம் பளிச்சென்று தெரிய, பலகை அழகாகத்தான் இருந்தது, உன் ஆஜர் புத்தகம் போல.

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். சேஷய்யா மேஷ்டர் சால்வையைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துவிட்டார். வேண்டாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியும் கேட்கவில்லை. கதவு நிலையில் வழக்கம்போல் சாய்ந்து நின்றார். பையன்கள் போனார்கள். அவர் நிற்கும்போது நான் எப்படிச் சில்லைத் தொடுவது? ஆனால் அவர் தன் கைப்பெட்டியை எடுக்க ஒரு நிமிஷம் ஆபீசுக்குப் போனார். நாலு நாள் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. திரும்பி வந்து பலகையைப் பார்த்தார். அப்புறம் பெஞ்சுகளைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"அந்த மூலைச் சில்லு திரும்பியிருக்கே. அவன் என்னைத் தாண்டி உள்ளே போகலையே?"

"திருப்பீட்டு வெளிய போயிருப்பானுங்க சாமி."

"எப்போலேருந்து அவனை நீ பார்க்கலை?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். ஜுரத்தில் கிடந்து எழுந்த மனுஷன், நாலு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். நான் பின்னாலேயே போனேன். கையைக் கொடுத்தேன், பிடித்துக்கொள்ளவில்லை.

அந்தப் பையன் தங்கியிருந்தது ஒரு சத்திரத்தின் பின்கட்டில், விறகு அடுக்கும் அறைக்கு அடுத்த அறை. எதிர்வீட்டு அம்மாள் எங்களைப் பார்த்து வாசலுக்கு வந்தாள். சனிக்கிழமைச் சோறு அவள் வீட்டில்தான். "மேஷ்ட்ரே, இன்னைக்கு எங்க வாரம். வெள்ளனே வந்து தண்ணி இறைச்சுக் கொடுப்பான், இன்னும் காணோமே," என்றாள்.

"நேத்து யார் வீட்டில் சாப்பிட்டான்?"

"நேத்து வெள்ளிக்கிழமை, பட்டர் வீடு. அவங்க வீட்டிலே எல்லாருக்கும் ஜுரம், சமைச்சிருக்க மாட்டாங்க. வியாழக்கிழமை வீட்டிலே போட்டிருப்பாங்க."

வியாழக்கிழமை வீடு அதற்குப் பக்கத்து வீடுதான். அவர்கள் இலை போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்களாம், பையன் ஊருக்குப் போய்விட்டான் போலிருக்கிறது என்று. புதன்கிழமைக்காரர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை வீட்டில், பள்ளிக்கூடத்தில் ஏதாவது வேலை இருக்கும் என்று நினைத்தார்களாம். ஏழு வீட்டில் ஒவ்வொரு வீடும் மற்ற ஆறு வீட்டை நினைத்துக்கொண்டது. அவன் இருக்கிறானா இல்லையா என்று இந்த ஊரில் தினம் பார்த்த இடம் அந்தப் பலகை ஒன்றுதான். அதை நான் திருப்பி வைத்திருந்தேன்.

அறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே என்ன கண்டோம் என்பதை எழுதச் சொல்லமாட்டேன். உயிர் இருந்தது. செம்பு கவிழ்ந்து கிடந்தது, தரை காய்ந்திருந்தது. தலையணைத் துணி இரண்டு காதுப் பக்கமும் சீழ்பிடித்து ஒட்டியிருந்தது. மேஷ்டர் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான், திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். காதுக்குப் பக்கத்தில் குனிந்து கூப்பிட்டார். ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்தான் மடியில் போட்டுக்கொண்டு போனேன், ஒன்றும் கனக்கவில்லை. மூன்று மாதம் கிடந்து எழுந்தான். காது இரண்டும் போய்விட்டன. முதல் நாளோ இரண்டாம் நாளோ கொண்டு வந்திருந்தால் காதைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் மேஷ்டரிடம் சொன்னார். நான் பக்கத்தில் கூஜாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற எட்டுப் பையன்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கு வீடு இருந்தது.

சேஷய்யா மேஷ்டர் என்னைத் திட்டவில்லை, ஹெட்மாஸ்டரிடம் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் உன்னை இவ்வளவு திட்டியிருக்கமாட்டேனோ என்னவோ. ஜுரத்துக்காக மூடிய பள்ளி மறுபடி திறந்தபோது பலகை அங்கேயே இருந்தது. துணியை எடுக்கும் வேலை எனக்கே இருந்தது. ஆனால் அன்றிலிருந்து வராதவன் வீடு எங்கே என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை. சாயங்காலம் கடைசி மணி அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு தானே போவார். ரிடையர் ஆகும்வரை பதினோரு வருஷம் போனார். நான் மணியடிக்கும் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் ஓடிப்போய் "நான் போறேனுங்க சாமி" என்றேன். "வேண்டாம்ப்பா, உனக்கு வீட்டில் குழந்தை இருக்கு," என்றார். உனக்கு அப்போது நாலு வயசு. பரிகாசமாகச் சொல்லவில்லை. அவருக்குப் பரிகாசம் வராது. தெரிந்துதான் சொன்னார்.

அவர் போனபின் வேறு இரண்டு வாத்தியார்கள் அதே பலகையை வைத்து நடத்திப் பார்த்தார்கள். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நடத்தினார்கள். ஒரே மாதத்தில் பையன்கள் ஒருவனுக்கு ஒருவன் சில்லைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் பலகையைக் கழற்றி வெந்நீர் அடுப்புக்குப் போட்டார்கள். அதைப் பிளந்தவனும் நான்தான். ஆகையால் உனக்குப் பலகை செய்து கொடு என்று தச்சனிடம் நான் சொல்லப்போவதில்லை. இன்ஸ்பெக்டருக்குக் காட்ட ஒரு வேடிக்கைச் சாமான் கிடைத்தது என்று நீ அதையும் எடுத்துக்கொள்வாய். கணக்கை முதல்நாளே கரும்பலகையில் எழுதிவை. சாக்பீஸை முதல்நாளே கோட்டுப் பையில் போட்டுக்கொள். மணி அடிப்பதற்கு முன்னால் கதவில் போய் நில், ஒவ்வொரு முகமாகப் பார். நாற்பத்திரண்டு பேர், ஒருத்தனுக்கு ஒரு மூச்சு. பார்த்தபின் கோடு போடு. இதற்கு எழுத்துகூடத் தெரிய வேண்டாம், அதனால்தான் இது உனக்குக் கேவலமாகத் தெரிகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. போன திங்கட்கிழமை உன் வகுப்புக்கு யார் வரவில்லை, அவன் எங்கே கிடந்தான் என்று இப்போதாவது உனக்குத் தெரியுமா? தெரியாது. நாற்பத்திரண்டு சாய்கோடு. இந்தத் திங்கட்கிழமைக்கும் போட்டு வைத்திருந்தால், இன்ஸ்பெக்டர் மெச்சி உன் வேலை நிலைத்தாலும் எனக்கு அது வேண்டாம். சுரண்டி எடு. பேப்பர் ஓட்டையானால் ஆகட்டும். அவர் கேட்டால், முன்கூட்டியே போட்டுவிட்டேன், தப்பு என்று சொல். பிரைமரிக்குத் தள்ளினால் போ. அங்கேயும் கதவு இருக்கிறது.

இந்த இடத்தில் சரசு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கு ஒன்பது வயசுங்கப்பா அப்ப. தெனமும் கெணத்தடியில முழுகீட்டு வருவீங்க. புள்ளைக்காகன்னு அம்மா சொல்லும். இத்தன வருஷமா எங்ககிட்டக்கூடச் சொல்லலியே."

"சொல்லி என்ன ஆகுது?"

"அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"யார்கிட்ட?"

"காது போனவர்கிட்ட."

"எப்படிச் சொல்றது? அவனுக்குக் காது கேக்காது, எனக்கு எழுதத் தெரியாது."

"எனக்குத் தெரியுமில்ல? கேட்டிருந்தா எழுதியிருக்க மாட்டனா?"

இருபத்துநாலு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவனுக்குக் காது கேட்காது, எனக்கு எழுதத் தெரியாது. நல்ல ஏற்பாடாக இருந்தது, வேலை மிச்சம். வீட்டில் எழுதத் தெரிந்தவர் இரண்டுபேர் வளர்ந்து நின்றபின்னும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். தசரா ஊர்வலத்தில் இரண்டுதரம், மார்க்கெட்டில் பலதரம் அவனைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடுவான். ஜட்காவில் மடியில் போட்டுக்கொண்டு போனவன் நான் என்பதுதான் அவனுக்குத் தெரியும்.

சரசு இதைக் கன்னடத்திலும் ஒரு பிரதி எழுதுகிறாள். திங்கட்கிழமை காலையில் நீ உன் வகுப்புக் கதவில் நிற்கும் நேரத்துக்கு நான் அதை எடுத்துக்கொண்டு போகிறேன். நீ நின்றாயா என்று பார்க்க வரமாட்டேன். எனக்கு அன்றைக்கு வேறு கதவு இருக்கிறது. சேஷய்யா மேஷ்டர் போய்விட்டார். அந்த ஆக்டிங் வாத்தியார் சிமோகா பக்கம் மாற்றலாகிப் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். அப்போதிருந்த ஹெட்மாஸ்டர் போய்விட்டார், டாக்டர் போய்விட்டார். சனிக்கிழமை வீட்டு அம்மாள் பெரிய மகாராஜா காலமான வருஷம் போனாள். மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் அதற்கு முன்னாலேயே ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். என்னை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மிச்சம் இருப்பது அவன் ஒருவன். பட்டு மில்லில் நூல் எடை போடும் வேலை. தறிச் சத்தத்தில் அங்கே யாருக்குமே எதுவும் கேட்காது. இட்டிகேகூட்டில் வீடு, இரண்டு பெண் குழந்தைகள். குண்டலுப்பேட்டை நஞ்சுண்டையா.